கடைசிக் கை எழும் வரை

அவர் யாரையும் வாய்விட்டு "வாங்க" என்று அழைத்து நான் கேட்டதில்லை. வாசலில் ஆள் நிழல் விழ வேண்டியதுதான், அடுப்படியிலிருந்து நீளக் கரண்டி ஒன்று எழும்பும். கூடத்தில் எங்கோ ஒரு பாயைக் காட்டும். வந்தவர் தோல் பதனிடும் ஷாப்பு முதலாளியோ, அதற்கு ஆவாரம்பட்டை ஏற்றி வண்டி ஓட்டுகிறவரோ, கரண்டி காட்டிய இடத்தில்தான் உட்கார்ந்தாக வேண்டும். "பாய், எனக்கு அந்தத் தூண் ஓரமா..." என்று யாராவது இழுத்தால், "தூணு எங்கியும் ஓடிடாது. இன்னிக்கி இங்க உக்காரு" என்பார். நாலு பேர் சாப்பிடும் இடத்தில் ஒருத்தர் நின்றுகொண்டிருப்பதை மட்டும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. முகமே மாறிவிடும். வந்தவர் யோசித்து முடிப்பதற்குள் தண்ணீர்ச் செம்பு பாய்க்கு வந்துவிடும். அதற்குமேல் எழுந்து போக யாருக்கு மனசு வரும்?

ஊருக்கே அவர் சராய் பாய். சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சராய் என்பது நவாபு காலத்தில் வழிப்போக்கர்களும் குதிரை வீரர்களும் தங்கிப் போன சத்திரம். ஆம்பூரில் பெங்களூர் ரோட்டிலிருந்து பாலாற்றுப் பக்கம் இறங்கும் ஒரு சந்தில் அது இருந்தது. கனத்த சுண்ணாம்புச் சுவர்கள், வரிசையாக வளைவுகள், நடுக்கூடத்துக்கு மேல் ஒரு கும்மட்டம். கும்மட்டத்தின் உச்சி எந்தக் காலத்திலோ இடிந்துபோய் அங்கே வட்டமாக வானம் தெரியும். அந்த ஓட்டை வழியாக வெயில் ஒரு பெரிய தாம்பாளம் அளவுக்குத் தரையில் விழும். காலையில் மேற்கு வளைவில் கிடக்கும் அந்த வட்டம், பகல் சாப்பாட்டு நேரத்தில் கூடத்தின் நடுவே வந்து நிற்கும். சாயங்காலம் கிழக்குச் சுவரில் ஏறி, குதிரை கட்டிய பழைய இரும்பு வளையங்களைத் தொட்டுவிட்டு மறைந்து போகும். அந்த வளையங்களில்தான் சாப்பிட வருகிறவர்கள் தலைப்பாகையையும் குடையையும் மாட்டுவார்கள். லாயமாக இருந்த பக்கம் அடுப்படி ஆகிவிட்டிருந்தது.

தம் போட்ட பிரியாணி அண்டாவின், தேக்ஸா என்பார்கள், மூடியைத் திறந்ததும் ஆவி கூடம் முழுக்கப் பரவி அந்த வெயில் வட்டத்தின் வழியாக மேலே ஏறும். எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் கொஞ்ச நேரம் தண்ணீருக்குள் இருப்பதுபோலத் தெரியும். மேலே புறாக்கள் குமுறும். வெளியே ஊரெல்லாம் ஆவாரம்பட்டையும் சுண்ணாம்பும் ஊறிய தோலும் நாறும். உள்ளே வந்துவிட்டால் சீரகச் சம்பா வேகும் வாசனை அதை அப்படியே மூடிவிடும். கையைச் சோற்றில் வைத்தபடி கண் சொருகிப்போய் உட்கார்ந்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானே உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தக் கூடத்தை நினைத்தால் எது கண்ணால் கண்டது, எது பசி மயக்கத்தில் கண்டது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மோட்டார் பஸ் ஊருக்குள் வர ஆரம்பித்த புதிதில் நான் ஆம்பூர் டிஸ்பென்சரிக்குக் கம்பவுண்டராக வந்தேன். திருப்பத்தூர்க்காரன், வேதக்காரன் என்று ஊர் சொல்லும் கிறிஸ்தவன், கல்யாணம் ஆகாதவன். சமையல் எனக்கு வராது. மிக்ஸ்சர் கலக்குகிற கைக்குக் குழம்பு வைக்கத் தெரிய வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? முதல் நாள் பகலிலேயே விசாரித்துக்கொண்டு சராய்க்குப் போனேன். கரண்டி எழும்பியது. கூடத்தின் நடுவில் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த பாயில், அவர்களுக்கு மத்தியில் என் இடத்தைக் காட்டியது.

அங்கே தனித்தனித் தட்டு கிடையாது. சஹன் என்று சொல்லும் பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் குவித்து, மேலே கறியையும் பக்கத்தில் எள் வறுத்து அரைத்த புளிக் கத்திரிக்காயையும் வைத்துவிடுவார்கள். மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து சாப்பிட வேண்டும். குடியாத்தத்திலிருந்து லுங்கி மூட்டையோடு வருகிறவர்களைப்போல இலையில்தான் சாப்பிடுவேன் என்பவர்களுக்கு மேற்கு வளைவில் இலை உண்டு. மற்றபடி எல்லோருக்கும் சஹன்தான். அதற்கு ஒரு முறை இருந்தது. ஒரு சஹனில் கை வைத்துவிட்டால், கடைசிக் கை எழும் வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. மெதுவாகச் சாப்பிடுகிறவர் பசியோடு எழுந்துவிடக் கூடாது என்பதற்காக வந்த பழக்கம். வீடுகளிலும் கல்யாணங்களிலும் இருந்ததுதான். சராய் பாய் அதைக் கடைக்குக் கொண்டுவந்தார்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. நல்ல பசி. இரண்டு வாய் போட்டிருப்பேன், இடப்பக்கத்துக்காரர் என்னிடம் சொன்னார்:

"புதுசா வந்த கம்பவுண்டரு நீங்கதான? உங்க அந்தாண்ட உக்காந்துகினு இருக்கற ஆளுகிட்ட சொல்லுங்க. கெணத்துக்கு நான் ஏத்தம் போட்டேன், அவரு போடல."

நான் திகைத்து வலப்பக்கம் திரும்பினேன். அவர் எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னார்:

"கேட்டுச்சு. எனக்குக் காது டமாரம் இல்லன்னு சொல்லுங்க. ஏத்தம் யாரு போட்டா இன்னா, கெணறு யாரு வெட்டினது? அதக் கேளுங்க."

இரண்டு பேரும் ஒரே தோல் ஷாப்பின் கூட்டாளிகள். தோல் ஊறப்போடும் கிணற்றுத் தண்ணீரில் ஆரம்பித்த சண்டை, பேச்சு நின்று போய் வெகுநாள். பேசாதவர்கள் பேச வேண்டுமானால் நடுவில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் கரண்டி காட்டியிருக்கிறது. நான் பாதிச் சோற்றில் தபால்காரன் ஆனேன். இருவர் கேள்வியையும் பதிலையும் இப்படியும் அப்படியும் கொண்டுபோய்க் கொடுத்ததில் என் பங்குக் கறி காணாமல் போயிற்று. யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. கடைசியில் ஏதோ ஒரு இடத்தில் என்னைத் தாண்டி இருவரும் நேராகவே திட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அடுப்படிப் பக்கம் பார்த்தேன். சராய் பாய் கரண்டியைத் தேக்ஸாவின் மேல் வைத்துவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

பேசாமல் இருக்கிறவர்கள் ஊரில் யார் யார் என்பதெல்லாம் அவருக்கு எப்படித்தான் தெரியுமோ. ஆனால் ஒருவரிடமும் போய்ச் சமாதானம் பேச மாட்டார். "பேசுங்கப்பா" என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். இடம் காட்டுவார், சோறு வைப்பார், மூன்றாவது ஆளாக என்னைப் போடுவார். ஒருநாள் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"இன்னா பாய், என்ன ஊறுகா மாதிரி எல்லார் சஹன்லயும் வெக்கிறீங்க? ஒரு நாளாவது நிம்மதியா துண்ண உடுங்க."

"உனக்கு இந்த ஊர்ல மாமன் மச்சான் உண்டா?"

"இல்ல."

"பங்காளி?"

"இல்ல."

"சண்ட போட ஆளே இல்லாதவன் நீ ஒருத்தன்தான் கம்பவுண்டரு. உன்ன உட்டா எனக்கு வேற யாரு?" என்று சொல்லிவிட்டு ஒரு நல்ல கறித் துண்டைத் தனியாக என் வாயிலேயே ஊட்டினார். கோபம் போன இடம் தெரியவில்லை. எத்தன் அவர்.

எல்லாம் ஜெயித்தது என்று சொன்னால் நான் பொய்யன். வாணியம்பாடியிலிருந்து வந்த மாமனாரையும் மருமகனையும் ஒரு தடவை ஒரே சஹனில் உட்கார வைத்தார். மகளை அனுப்பவில்லை என்று அவர்களுக்குள் வருத்தம். நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் சஹனை ஒரு தள்ளுத் தள்ளினார். சோறு வெயில் வட்டம் பூராவும் சிதறிற்று. "என்ன மரியாத கெட்ட எடம் இது? யாரு கூட உக்காரணும்னு நீ யாரு சொல்றது?" என்று அவர் போட்ட சத்தத்தில் புறாக்கள் எல்லாம் ஓட்டை வழியாக வெளியேறின. கூடமே எழுந்துவிட்டது. சராய் பாய் கரண்டியை வைத்துவிட்டு வந்தார். குனிந்து ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டார். அந்த மாமனார் அப்புறம் அந்தச் சந்துப் பக்கமே வரவில்லை. எனக்கும் அன்று சராய் பாய்மேல் ஒரு சந்தேகம் வந்தது. அடுத்தவர் மனஸ்தாபத்தில் கை வைக்க இவருக்கு என்ன உரிமை? எதற்கு இவ்வளவு பிடிவாதம்? கேட்டுவிட்டேன்.

"நின்னுகினு இருந்தா பேஜாரு ஜாஸ்தி ஆவுது. உக்காந்தா கம்மி ஆவுது" என்றார். அதற்குமேல் பிடுங்க முடியவில்லை.

இவ்வளவு சொல்கிறவர் தாம் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. அதைத்தான் நான் வெகுநாள் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். கூடம் காலியானதும் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே தேக்ஸா மூடியில் ஒட்டியிருக்கும் சோற்றைக் கையால் வழித்து வாயில் போட்டுக்கொள்வார். முதுகு சுவரைப் பார்த்திருக்கும், முகம் வாசலைப் பார்த்திருக்கும். ஒரு தடவை என் பக்கத்துப் பாயைத் தட்டிக் கூப்பிட்டேன். "எனக்கு எடம் காட்டற ஆளு வேற" என்று சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை.

அவருக்கு ஓர் அண்ணன் இருக்கிறார் என்றும், பாலாற்றங்கரையில் பெரிய தோல் ஷாப்பு வைத்திருக்கிறவர் அவர்தான் என்றும் ஊர் சொல்லும். பாகப்பிரிவினைச் சண்டை என்றார் ஒருவர். மெட்ராசுக்கு அனுப்பிய தோலில் தகராறு என்றார் இன்னொருவர். அண்ணன் வீட்டுக் கல்யாணத்தில் தம்பிதான் சமைத்தாராம், அன்று இரவிலிருந்துதான் பேச்சில்லையாம் என்று அந்தக் கிணற்றுக் கூட்டாளிகள் சொன்னார்கள். என்ன நடந்தது என்று அவர்களுக்கும் தெரியாது.

ஒரு மழை ஓய்ந்த காலையில் அந்த அண்ணன் டிஸ்பென்சரிக்கு வந்தார். கழுத்தைச் சுற்றிச் சால்வை. வேலூரில் பெரிய டாக்டர்களைப் பார்த்துவிட்டு, அவர்கள் எழுதிக் கொடுத்த மருந்தைக் கலக்கி வாங்கிப் போக வந்திருந்தார். எழுதியிருந்ததை இரண்டு தரம் படித்தேன். வலி தெரியாமல் இருப்பதற்கு மட்டும் கொடுக்கிற மருந்து அது. தொண்டையில் புற்று. குரல் காற்றோடு காற்றாகத்தான் வந்தது.

"தம்பி, நீ சராயில சாப்பிடறியாமே?"

"ஆமாங்க."

"கத்திரிக்காய்க்கு இன்னும் எள்ளு வறுத்துத்தான் போடறானா?"

"போடறாருங்க."

"எங்க அம்மா அப்டித்தான் செய்வாங்க. எங்க வூட்டுல யாருக்கும் அந்தப் பக்குவம் வரல. அவனுக்கு மட்டும் வந்துச்சு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "இப்ப கஞ்சித் தண்ணிதான் எறங்குது. அதுவும் எத்தன நாளைக்கோ. வூட்டுல யாருக்கும் சொல்லல. நீயும் சொல்லாத. அவனுக்குக் குறிப்பா சொல்லாத. பரிதாபப்பட்டு அவன் என்கிட்ட பேச வேணாம்."

நான் தலையாட்டினேன். மருந்து கொடுக்கிறவன் நோயை வெளியே சொல்லக் கூடாது, அது தொழில் தர்மம். ஆனால் அன்று பூராவும் எனக்கு வேலை ஓடவில்லை. ஊரில் முகம் கொடுத்துப் பேசாத அத்தனை பேருக்கும் நடுவில் என்னை உட்கார வைத்தவர், தம் அண்ணன் ஒரு வாய்கூட எதையும் விழுங்க முடியாத நாளுக்கு நெருங்கிக்கொண்டிருப்பது தெரியாமல் அங்கே கரண்டி பிடித்துக்கொண்டு நிற்கிறார். இன்னும் கொஞ்ச நாள் போனால் எந்தச் சஹனைக் கொண்டுவந்து வைத்தும் பிரயோசனம் இல்லை. நோயைச் சொல்லத்தான் கூடாது. சோறு சாப்பிடக் கூப்பிடக் கூடாது என்று எந்த தர்மத்தில் இருக்கிறது?

மறுநாள் மருந்துப் புட்டியை நானே எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

"பகல் சாப்பாட்டுக்கு என்கூட சராய்க்கு வாங்க" என்றேன்.

என்னை வெகுநேரம் பார்த்தார். "எனக்கு அங்க எடம் இருக்கா தம்பி?"

"எடம் நான் காட்டறேன்" என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ.

குதிரை வண்டியில் வந்து இறங்கினோம். பகல் வெயில் நல்ல உச்சியில் இருந்தது. கும்மட்டத்து வட்டம் கூடத்தின் நடுவில் பளீரென்று கிடந்தது. அப்போதுதான் மூடி திறந்திருக்க வேண்டும், ஆவி உயர்ந்துகொண்டிருந்தது. வாசலில் எங்கள் நிழல் விழுந்ததும் வழக்கப்படி கரண்டி எழும்பியது. பாதியில் நின்றது. ஆவிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அண்ணன். இருவரும் நின்றுகொண்டே இருந்தார்கள். அந்தக் கரண்டி எங்கும் காட்டாமல் தடுமாறியதை அன்றுதான் பார்த்தேன்.

நான் அண்ணனின் கையைப் பிடித்து அழைத்துப்போய் நடுக்கூடத்துப் பாயில் உட்கார வைத்தேன். அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டு நான் உட்கார்ந்தேன். நடுவில் இருந்த காலி இடத்தைத் தட்டினேன்.

"பாய், இன்னிக்கி இங்க உக்காருங்க."

"அடுப்பு வேல இருக்குது" என்றார்.

அந்தக் கிணற்றுக் கூட்டாளிகள் இரண்டு பேரும் சுவர் ஓரத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சஹனில் மூன்றாவது ஆள் கையெடுக்கும் வரை காத்திருந்து, ஒன்றாக எழுந்து, கையைக் கழுவி, நேரே அடுப்படிக்குப் போனார்கள். ஒருவர் கரண்டியை அவர் கையிலிருந்து வாங்கினார்.

"அடுப்ப நாங்க பாத்துக்கறோம். தூணு எங்கியும் ஓடிடாது. நீ போய் உக்காரு."

அவர் வந்து உட்கார்ந்தார். காலை எப்படி மடக்குவது என்று தெரியாதவர்போல உட்கார்ந்தார். ஆனால் நான் தட்டிய இடத்தில் உட்காரவில்லை. என்னை நகரச் சொல்லி எனக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். ஆகவே வழக்கம்போல நடுவில் நான். சஹன் வந்தது. மூன்று கையும் அதில் விழுந்தது. மேலே புறா ஒன்று சிறகடித்து ஒரு சின்ன இறகு வெயிலில் சுழன்று சுழன்று இறங்குவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"கம்பவுண்டரு, கேளு. என் பொண்ணு நிக்காஹ்ல அவ்ளோ சமைச்சிட்டு, எங்க சஹன்ல வந்து உக்காராம போனானே. அது இன்னா ரோஷம்?"

நான் இந்தப் பக்கம் திரும்பினேன்.

"யாரும் கூப்பிடலன்னு சொல்லு" என்றார் தம்பி, சோற்றைப் பார்த்துக்கொண்டே. "அடுப்பாண்டயே நின்னுகினு இருந்தேன். யாராவது வந்து 'வா, உக்காரு'ன்னு ஒரு வார்த்த சொல்வாங்கன்னு பாத்துகினு இருந்தேன். எல்லாரும் கைய கழுவினாங்க. நான் மூடியில ஒட்டினத வழிச்சித் துன்னுட்டு வந்துட்டேன்னு சொல்லு."

"கூப்பிடறதா?" அண்ணனுக்குக் குரல் எழவில்லை, ஆனாலும் முயன்றார். "என் வலக்கைப் பக்கம் எடம் உட்டு வெச்சிருந்தேன். சம்பந்தி கை வெக்கலாமான்னு கேட்டாரு. இருங்க, என் தம்பி வரணும்னேன். சோறு ஆறிப்போச்சு. அத்தன பேரு எதிர்ல தலய குனிஞ்சிகினு உக்காந்திருந்தேன். கூடப் பொறந்தவன யாராவது கூப்பிடுவானா? கூப்பிட்டா அவன் அசலான் ஆயிடமாட்டானா? கேளு அவன."

என்ன கேட்பது? ஒருவர் கூப்பிடுவார் என்று நின்றிருக்கிறார், இன்னொருவர் கூப்பிடாமலே வருவான் என்று உட்கார்ந்திருக்கிறார். நாலடி தூரத்தில். அந்தச் சோறு ஆறிய நாளிலிருந்து, நின்றவர் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் இடம் காட்டிக்கொண்டே இருந்துவிட்டார். அழுதேன் என்றே சொல்லிவிடுகிறேன், ஆவி கண்ணில் பட்டதாக அப்போது சமாளித்தேன்.

நான் எழுந்திருக்காமலே நகர்ந்து, சஹனின் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். இப்போது அவர்களுக்கு நடுவில் ஆள் இல்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தக் காலி இடத்தைப் பார்த்தார்கள். பிறகு தம்பி நகர்ந்து அண்ணனின் வலக்கைப் பக்கம் உட்கார்ந்தார்.

அப்போதுதான் அவர் அண்ணனின் கையைக் கவனித்தார். அத்தனை நேரம் அந்தக் கை சோற்றைப் பிசைந்துகொண்டிருந்ததே தவிர வாய்க்குப் போகவில்லை. சராய் பாய் சால்வையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். அவர் அடுப்படிப் பக்கம் திரும்பி, கறி வெந்த சாறு ஒரு கிண்ணம் கொண்டுவரச் சொன்னார். ஒரு பிடி சோற்றில் அதை ஊற்றி, விரல்களால் மசித்து மசித்துக் கூழாக்கினார். கத்திரிக்காயின் தோலை உரித்து உள்ளே இருக்கும் சதையை மட்டும் அதில் கரைத்தார். கைக்குழந்தைக்கு ஊட்டுவதுபோல விரல் நுனியில் எடுத்து அண்ணனின் உதட்டில் வைத்தார். அது இறங்க வெகுநேரம் ஆயிற்று. இறங்கியது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"எள்ளு" என்றார்.

பிறகு அவர்கள் உருதுவில் பேச ஆரம்பித்தார்கள். வீட்டுப் பேச்சு. அவர் அண்ணனை "பாய்ஜான்" என்றார், அண்ணன் அவரைச் சின்னவன் என்பதற்குச் சொல்லும் "சோட்டே" என்ற பெயரால் கூப்பிட்டார். நரைத்த தாடியோடு சராய் பாய், அண்ணன் "சோட்டே" என்றதற்கெல்லாம் "ஜீ, ஜீ" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பிடிபட்ட வரையில், யாரோ அத்தையைப் பற்றிப் பேசினார்கள், ஒரு மாமரத்தைப் பற்றிப் பேசினார்கள், ஏலகிரி மலையில் தேன் எடுக்கப் போய் விழுந்ததைப் பற்றிச் சிரித்தார்கள். என் வழியாக எதுவும் போக வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது ஆளாக அங்கே நான் இருந்ததுகூட அவர்களுக்கு நினைவில்லை.

கூடம் மெல்லக் காலியாயிற்று. வெயில் வட்டம் எங்கள் சஹனை விட்டு நகர்ந்து கிழக்கே போயிற்று. பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. கூட்டாளிகள் இருவரும் அடுப்பைத் தணித்துவிட்டு, அடுப்படி வளைவில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிப் போயிருந்தார்கள். நான் எப்போதோ சாப்பிட்டு முடித்துவிட்டேன். கை காய்ந்து சோறு விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. டிஸ்பென்சரி திறக்கிற நேரம் ஆகிவிட்டது. ஆனால் முறை முறைதானே, எழுந்திருக்க முடியாது. சஹனில் இன்னும் ஒரு கை இருந்தது.

அது சராய் பாயின் கை. அவர் பக்கத்தில் ஒரே ஒரு பிடி சோறு பாக்கி இருந்தது. அதை அவர் சாப்பிடவும் இல்லை, விடவும் இல்லை. விரலால் சேர்ப்பார், கலைப்பார், மறுபடி சேர்ப்பார். நின்றுகொண்டே மூடியை ஒரே மூச்சில் வழித்துத் தின்கிற மனுஷர்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் பெரியவர் காலமானார். அதன் பிறகு சராய் பாய் தினம் ஒரு வேளை ஏதாவது ஒரு சஹனில் உட்கார்ந்து சாப்பிட்டார், யார் இடம் காட்டினாலும். எனக்கு மாற்றல் வந்து ஆம்பூரை விட்டுப் போகும் வரை அதைப் பார்த்தேன். ஆனால் அவரை நினைக்கும்போது எனக்கு வருவது அந்த நாட்கள் அல்ல. அந்த ஒரு சாயங்காலம்தான்.

கிழக்குச் சுவரில் வெயில் இரும்பு வளையத்தைத் தொட்டுவிட்டது. பெரியவர் களைத்துப் போயிருந்தார். தம்பியின் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தக் கை ஏன் எழவில்லை என்று அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். அவர்கள் பேச்சு அதற்குள் எனக்கும் பாதி விளங்க ஆரம்பித்திருந்தது.

"போதும் சோட்டே. கைய கழுவலாமா?"

"இன்னும் ஒரு வாய் இருக்கு பாய்ஜான்" என்றார் அவர்.